டூ-ஸ்ட்ரோக் லாரியும் என் ரெண்டு காதும்

டீசல் மெக்கானிக்குக்குச் சோறு போடறது கைன்னு நெனச்சுட்டிருக்கீங்க, இல்லைங்க, காது. கை நட்டைத்தான் கழட்டும். எந்த நட்டைக் கழட்டணும்னு சொல்றது காதுதான். லாரிக்கடியில படுத்து முதுகு போனவங்க, கண்ணுல கிரீஸ் சொட்டினவங்க, நகத்துக் கறுப்பு போகாம கல்யாண வீட்டுல கையை மறைச்சுச் சாப்பிட்டவங்க, எல்லாருக்கும் இது தெரியும். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்.

நான் நாமக்கல்காரன். மெல்பர்ன்ல, ட்ருகனினாவுல ஒரு லாரி ஒர்க்‌ஷாப்புல பதினோரு வருஷமா வேலை. புது லாரி வந்தா ஆளாளுக்குக் கம்ப்யூட்டரைச் சொருகிப் பாப்பாங்க. பழைய டூ-ஸ்ட்ரோக் டீசல் வந்தா மட்டும் எங்க ஓனர் கிரெக் என்னைக் கூப்பிடுவார். அப்படி இருந்த எனக்கு, போன மாசம் ஒரு கவர் வந்துச்சு. ஒர்க்‌ஷாப்புக்கு வந்த காது டெஸ்ட் வேன்ல நான் தேறலையாம். ரெண்டாவது டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அதுலயும் தேறலைன்னா எஞ்சின் பக்கமே வரக்கூடாது, பார்ட்ஸ் கவுண்டர்ல உக்காந்து ஃபில்டர் எடுத்துக் குடுக்கற வேலைதான்னு போட்டிருந்துச்சு.

கடிதத்தை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். என் வீட்டுக்காரி செல்விகிட்டக்கூட சொல்லலை. அந்தச் சமயம் எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கம்மி. சமையல்கட்டுலேர்ந்து ஹாலுக்குக்கூட போன்ல மெசேஜ்தான் வரும், 'சாப்பாடு ரெடி'ன்னு. என்ன கோவமோ, தானா சரியாப் போகும்னு நானும் விட்டுட்டேன்.

காது எப்படிப் போச்சுன்னு மொதல்லேர்ந்து சொல்றேன். உங்களுக்காவது கேக்கட்டும்.

மொத வெடி

வேலைக்குச் சேந்த புதுசு. பில்னு ஒரு பெரியவர், ரிட்டயரான டிரைவர், தன்னோட பழைய லாரியைக் கொண்டுவந்து ஷெட்டுக்குள்ள விட்டார். பாத்தா காயலாங்கடைக்குப் போற வழியில தப்பிச்சு வந்த மாதிரி இருக்கு. இதுக்கு என்ன பெரிய சத்தம் வந்துடப் போகுதுன்னு டீயோட பக்கத்துல நின்னுட்டிருந்தேன். அவர் ஸ்டார்ட் பண்ணார். அய்யோ சாமி! டீ கையில இல்லை. தகரக் கூரை அதிருது, டூல் பாக்ஸ்ல ஸ்பேனரெல்லாம் குதிக்குது, என் நெஞ்செலும்புக்குள்ள யாரோ கதவைத் தட்டறாங்க.

சாதா டீசல் எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தரம் வெடிக்கும். இது ஒவ்வொரு சுத்துக்கும் வெடிக்கும். அதனால நிதானமா ஓடறப்பவே உயிர் போற மாதிரி அலறும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. என்ன பண்ணேன் தெரியுமா? சத்தம் உள்ள வராம காதை மூடற மஃப்பைக் கழட்டி வீசினேன். மஃப் போட்டுக்கிட்டு இந்த எஞ்சினைக் கேக்கறதும் ஒண்ணு, கையுறை போட்டுக்கிட்டு ரசஞ்சோறு பிசையறதும் ஒண்ணு. அன்னைக்குக் கழட்டினதுதான்.

கொஞ்சம் ஓட்டிப் பாக்கவான்னு ஆசையா கேட்டேன். நம்ம ஊர் லாரி மாதிரி மெதுவா, பதமா ஓட்டினா இது நகராதாம். எப்பவும் விரட்டிக்கிட்டே இருக்கணுமாம். பில் கதவைத் தொறந்து வெச்சு, மூஞ்சியில சிரிப்பே இல்லாம சொன்னார்: "ஏறறதுக்கு முன்னால உன் விரலை இந்தக் கதவிடுக்குல வெச்சு ஓங்கிச் சாத்து. அந்தக் கோவத்தோட ஓட்டு, சரியா ஓடும்."

எலுமிச்சம்பழம் தப்பிச்ச கதை

அடுத்த பைத்தியம் நேசன் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், கிரெய்கிபர்ன்ல வீடு. வாரம் பூரா கன்டெய்னர் லாரி ஓட்டறவர், லீவு நாள்லயும் ஓட்டறதுக்குன்னே ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் லாரி வாங்கினார். நான்தான் எஞ்சினைப் பிரிச்சுச் சேத்துக் குடுத்தேன். பெயின்ட் அடிச்சு, மாலை போட்டு, கோயில்ல பூஜைக்கு விட்டார். அய்யர் நாலு எலுமிச்சம்பழத்தை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் முன்னால வெச்சு, மந்திரம் சொல்லி, கற்பூரம் காட்டி, "ம், மெதுவா எடுங்கோ"ன்னார்.

அந்த 'மெதுவா'தான் வெனை. கார் பார்க் கொஞ்சம் ஏத்தம். பழம் பதமா நசுங்கணும்னு அண்ணை ஆக்சிலேட்டரே குடுக்காம கிளட்சை விட்டார். எஞ்சின் ஒரு இருமு இருமி மூச்சை விட்டுச்சு, வண்டி பின்னால உருண்டுச்சு, உருண்ட வேகத்துல எஞ்சின் மறுபடி புடிச்சுக்கிச்சு. ஆனா தலைகீழா! ஆமாங்க, இந்த எஞ்சினுக்கு அப்படி ஒரு குணம் உண்டு, பின்பக்கமாவும் சுத்தும். அப்ப ஃபர்ஸ்ட் கியர் போட்டா ரிவர்ஸ்ல போகும். அண்ணைக்கு இது தெரியாது. ஏத்தத்துல இறங்குதுன்னு நெனச்சு இன்னும் மிதிச்சார். மிதிக்க மிதிக்க வண்டி பின்னால பாயுது. புகை, புகைக்குழாயை விட்டுட்டுக் காத்து இழுக்கற பக்கமா குபுகுபுன்னு வருது. பின்னால நல்லவேளையா ஆள் யாருமில்லை, பக்தர்கள் செருப்பு விடற ஸ்டாண்டு மட்டும்தான். சடசடன்னு அதும்மேல ஏறி நின்னுச்சு.

அதை விட ஒண்ணு சொல்றேன். என் முதுகுக்குப் பின்னால நின்ன அண்ணையோட வீட்டுக்கார அக்கா, "தம்பி, புகை மற்றப் பக்கத்தாலை வருது!"ன்னு மூணு தரம் கத்தினாங்களாம். என் காதுல ஒரு தரம்கூட விழலை. எஞ்சின் சத்தத்துல எப்படிக்கா கேக்கும்னு சமாளிச்சேன். பக்கத்துல இருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருந்துச்சு. அய்யர் மட்டும் நசுங்காம உக்காந்திருந்த நாலு பழத்தையும் பாத்தார், செருப்புக் குவியலைப் பாத்தார், என்னைப் பாத்தார்: "ஏன் சார், வண்டி பின்னாடிதான் போகும்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? பழத்தைப் பின்னாடி வெச்சிருப்பேனே!"

கேக்காத விசில்

நான் பெருமைக்காரன், ஒத்துக்கறேன். ரோட்டுல நின்னுபோன லாரிக்காரன் போனை எஞ்சின் பக்கத்துல வெச்சா, இங்கேர்ந்தே "மூணாவது சிலிண்டர் படுத்துருச்சு"ன்னு சொல்லிருவேன். சரியாவும் இருக்கும். அதனால நேசன் அண்ணை வந்து, "தம்பி, உதுக்குள்ளை 'ஸ்ஸீ' எண்டு ஒரு விசில் சத்தம் கேக்குது, என்னெண்டு பார்"னு சொன்னப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. எஞ்சின் மேல கவுந்து, கண்ணை மூடிக் கால் மணி நேரம் கேட்டேன். சும்மா தங்கம் மாதிரி ஓடுது. விசிலாவது ஒண்ணாவது.

அண்ணை விடலை. எங்க ஒர்க்‌ஷாப்புல லின்னு ஒரு மெக்கானிக் பொண்ணு, வியட்நாம்காரி, ஸ்பிரிங்வேல்லேர்ந்து தினம் வர்றவ. அவளையும் கூப்பிட்டுக் காட்டினார். அவ அஞ்சடி தள்ளி நின்னே மூஞ்சியைச் சுளிச்சுக் காதைப் பொத்திக்கிட்டா. ப்ளோயர்ல பேரிங் போகுதுன்னா. ப்ளோயர்ங்கறது எஞ்சினுக்குள்ள காத்தைத் தள்ளற விசிறி மாதிரி. எனக்கு வந்துச்சே கோவம்! நேத்து வந்தவ எனக்குச் சொல்லித் தர்றாளான்னு, "ஒண்ணுமில்லை, எடுத்துட்டுப் போங்க அண்ணை"ன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அண்ணை வண்டியில ஏறி உக்காந்து, என்னைப் பாத்துச் சொன்னார்: "ஓம், நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் காதிலை ஏதோ பிழை போலை."

அதுக்கு மறு வாரம்தான் டெஸ்ட் வேன் வந்துச்சு.

லின் பிடிச்ச பலகை

கவர் பையில இருக்கு, டெஸ்டுக்கு நாள் வாங்கலை. அப்ப மறுபடி அண்ணை வந்தார், இந்தத் தரம் புகையோட. காத்து இழுக்கற குழாயைக் கழட்டிட்டு ஓட விட்டுப் பாக்கலாம்னேன். இந்த மாதிரி எஞ்சினை அப்படி ஓட விட்டா பக்கத்துல ஒரு ஆள் பலகையோட நிக்கணும், அது எங்க வழக்கம். ஏன்னா இது சில நேரம் பேய் புடிச்ச மாதிரி தன் எண்ணெயைத் தானே குடிச்சு ஓட ஆரம்பிச்சிரும். சாவியைத் திருப்பினா நிக்காது. காத்தை அடைச்சாத்தான் நிக்கும். இல்லைன்னா வேகம் ஏறிக்கிட்டே போய் வெடிச்சுச் சிதறும். அண்ணை சீட்டுல, லின் பலகையோட, நான் நடுவுல மஃப் இல்லாம. நான் கையைத் தூக்கினா லின் அடைக்கணும்.

ஸ்டார்ட் ஆச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல சத்தம் ஏறுது. அண்ணை குஷியில மிதிக்கறார்னு நெனச்சேன். இன்னும் ஏறுது. ஆஹா, என்ன சத்தம்டா இதுன்னு எனக்கு மயிர்க்கூச்செறியுது, மூஞ்சியில சிரிப்பு. திடீர்னு சத்தமே இல்லை. கண்ணைத் தொறந்தா, லின் பலகையோட எஞ்சின் மேல முழு உடம்பையும் போட்டு அழுத்திக்கிட்டிருக்கா. பலகையை எஞ்சின் உறிஞ்சி உள்பக்கமா வளைச்சிருக்கு. அண்ணை சீட்டுல வெளிறிப்போய் உக்காந்திருக்கார். அவர் சாவியைத் திருப்பி அரை நிமிஷமாச்சாம். "நான் மிதிக்கேல்லை"ன்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கார்.

பிரிச்சுப் பாத்தா, லின் சொன்ன அதே பேரிங்தான். அது போனதுல, எண்ணெய் கசியாம தடுக்கற சீல் கிழிஞ்சு எண்ணெய் உள்ள போயிருக்கு. ஒரு மாசமா விசிலடிச்சு விசிலடிச்சு அந்த எஞ்சின் என்கிட்ட சொல்லியிருக்கு. நான் தரையில உக்காந்துட்டேன். வெடிச்சிருந்தா மொதல்ல போயிருக்கறது லின். அவ எனக்குத் தண்ணி குடுக்கலை, தேத்தலை. அந்தக் காது டெஸ்ட் கவரை ஆபீஸ்லேர்ந்து வாங்கியாந்து என் கையில குடுத்தவளே அவதான், அதனால விஷயம் அவளுக்குத் தெரியும். பலகையைக் கீழ போட்டுட்டு நேரா என் மூஞ்சியைப் பாத்து, உதட்டசைவு எனக்குத் தெரியற மாதிரி மெதுவா சொன்னா: "நீ சிரிச்சுக்கிட்டு நின்னே. அந்த டெஸ்டுக்கு நீ போறியா, இல்லை நான் கிரெக்கிட்ட போகவா?"

கண்ணாடிக்கு அந்தப்பக்கம்

கூட வாழற ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும்னு கடிதத்துல இருந்துச்சு. வேற வழியில்லாம செல்விகிட்ட நீட்டினேன். படிச்சா, மறுபடி படிச்சா, பையை எடுத்துக்கிட்டு வந்தா. ஸ்பிரிங்வேல் பக்கம் ஒரு கிளினிக். கண்ணாடி ரூமுக்குள்ள என்னை உக்கார வெச்சு, காதுல ஹெட்போன் மாட்டி, கையில ஒரு பட்டனைக் குடுத்தாங்க. சத்தம் வந்தா அமுத்தணும், அவ்வளவுதான். எனக்குக் கேக்கற அதே சத்தம் வெளியில மேஜை மேல ஸ்பீக்கர்லயும் வரும்னாங்க, கூட வந்தவங்க கேக்கறதுக்காக.

நான் உஷாரா உக்காந்திருந்தேன். பொழப்பாச்சே! கேட்ட ஒண்ணைக்கூட விடலை, டக்கு டக்குன்னு அமுத்தினேன். நடுவுல நடுவுல ரொம்ப நேரம் அமைதியா விட்டாங்க. அந்த நேரத்துல கண்ணாடி வழியா செல்வியைப் பாத்து, பின்னிட்டேன்ல, அப்படின்னு தலையாட்டிச் சிரிச்சேன். அவ சிரிக்கலை. ஸ்பீக்கரைப் பாக்கறா, என் கையைப் பாக்கறா, மறுபடி ஸ்பீக்கரைப் பாக்கறா. அப்புறம் புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டா. தோள் குலுங்குது.

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. அது அமைதி இல்லை. சத்தம் வந்துக்கிட்டே இருந்திருக்கு. அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கு, நான் பேக்கு மாதிரி சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். மெலிசான சத்தங்கதான் மொதல்ல போகுமாம். பொம்பளைங்க குரலு, பிள்ளைங்க குரலு, விசிலு, மணி. லாரி மட்டும் கடைசி வரைக்கும் கேக்குமாம். டெஸ்ட் எடுத்த டாக்டரம்மா பொறுமையா விளக்கிட்டிருந்தாங்க, பார்ட்ஸ் கவுண்டர்தான்னு எனக்கும் புரிஞ்சு போச்சு. ஆனா நான் பாத்துட்டிருந்தது செல்வியைத்தான். அவ என் பக்கத்துல வந்து, காதோரமா குனிஞ்சு, ரொம்ப வருஷத்துக்கப்புறம் சத்தமா சொன்னா: "நாலு வருஷமாங்க. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு, இந்த மனுசனுக்கு நம்மளைப் பிடிக்கலை போலன்னு கூப்பிடறதையே விட்டுட்டேன். கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

போன்லயே எஞ்சின் வியாதியைக் கண்டுபிடிப்பேன்னு மார்தட்டினவன், இப்ப பார்ட்ஸ் கவுண்டர்ல ரெண்டு காதுலயும் மெஷினோட உக்காந்திருக்கேன், சாயங்காலம் வீட்டுக்குப் போனா நாலு வருஷத்துத் திட்டு ஒரு எழுத்து விடாம தெளிவா கேக்குது.