மாட்டுக்குப் பொங்கல் கொடுக்காதவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் என்னை அப்படித்தான் சொல்கிறார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் முகத்துக்கு நேரேயே சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற ஆள் இல்லை. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஏதாவது கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவள்தான் எனக்காகப் பதில் சொல்லுவாள். அப்படிப்பட்ட நான் அன்றைக்கு ஏன் மாட்டுக் கொட்டில் வாசலில் குறுக்கே நின்றேன் என்பதை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல.

மாடு தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? அதற்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது. நாக்கைச் சுழற்றிப் புல்லை ஒரு பிடியாகச் சேர்த்து இழுத்து அறுக்கும். சரியாக மெல்லாமலே விழுங்கிவிடும். பிறகு படுத்துக்கொண்டு, விழுங்கியதை உருண்டை உருண்டையாக மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து, அவசரமே இல்லாமல் அரைக்கும். ஒன்பதாம் ஆண்டில் மாட்டின் இரைப்பையை நாலு அறையாகப் படம் வரைந்து பெயர் எழுதி, சரி வாங்கியிருக்கிறேன். சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. அந்தப் படம் ஒரு மாட்டைக் காப்பாற்ற உதவும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

மாட்டுப் பொங்கலன்று எங்கள் லயத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் சர்க்கரைப் பொங்கல் வைத்து, வாழையிலையில் கொண்டுவந்து, மாட்டுக்குக் கையால் ஊட்டுவார்கள். நான் கலியாணமாகி வந்தபோது இருபது காம்பரா வீடுகளுக்குப் பதினொரு மாடுகள் இருந்தன. ஒரு மாட்டுக்கு இரண்டு மூன்று பிடி விழும். எந்த மாட்டுக்கும் ஒன்றும் ஆனதில்லை. பிறகு தேயிலைக்கு நடுவே புல் சாக மருந்தடிக்கத் தொடங்கினார்கள். அறுக்கப் புல் இல்லாமல் ஒவ்வொருவராக மாட்டை விற்றார்கள். கொட்டில்களில் விறகு அடுக்கினார்கள். நான் மட்டும் வேலை முடிந்து ஆற்றோரம் இறங்கிப் புல் அறுத்துத் தூக்கிவந்தேன். கடைசியில் லயத்துக்கு ஒரே மாடு, எங்களுடையது. இருபது வீட்டுப் பொங்கலும் அந்த ஒரு வாய்க்கு வந்தது. மாடு குறைந்ததை எல்லோரும் பார்த்தோம், பொங்கல் குறையாததை ஒருவரும் பார்க்கவில்லை.

போன வருடம் எங்கள் பழைய மாடு அத்தனையையும் தின்றது. சர்க்கரையும் நெய்யும் போட்ட சோறு, வேண்டாம் என்றா சொல்லும்? மறுநாள் காலை அசைபோடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. சாணம் தண்ணீராகப் போனது, புளித்த நாற்றம் அடித்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள், கண்ணூறு என்று சொல்லி வேப்பிலை அடித்தார்கள். ஓமமும் இஞ்சியும் அரைத்து ஊற்றினோம். அதற்கடுத்த நாள்தான் என் வீட்டுக்காரர் டவுனுக்குப் போய் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார். அதற்குள் மாடு கீழே படுத்துவிட்டது.

டாக்டர் சிங்களவர். "மொனவத துன்னே?" என்றார். பிறகு தமிழில், "என்னா குடுத்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சுற்றி லயத்து ஆட்கள் நின்றார்கள். பொங்கல் என்று சொன்னால் அவர்கள் எல்லோரையும் கைகாட்டுவதாகிவிடும் என்று எனக்குப் பயம்.

"புல்லுதாங்க," என்றேன்.

அவர் ஒரு குச்சியால் சாணத்தைக் கிளறினார். சோற்றுப் பருக்கை அப்படியே கிடந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"புல்லு மாடு சாப்புடுறது இல்ல அம்மா," என்றார். "வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர் நெறய்ய இருக்கு. அதுதான் புல்லு சாப்புடுறது. அது செஞ்சு குடுக்குற சத்துலதான் மாடு இருக்கு. சோறு, சக்கர நெறய்ய போனா வேற ஜாதி உயிர் கூடும். எல்லாம் புளிச்சு அச்சாறு மாதிரி போகும். அப்ப நல்லதெல்லாம் செத்துப்போகும். வயிறு உள்ளுக்கு வெந்துபோகும்."

ஒன்பதாம் ஆண்டில் நான் வரைந்த படத்தின் பெரிய அறை எனக்குக் கண்முன் வந்தது. அன்று பின்னேரமே மாடு செத்தது. கண்ணூறுதான் என்று லயம் முடிவு செய்தது. நான் மறுத்துப் பேசவில்லை.

அதன் கிடாரி அந்தப் பொங்கலுக்குத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் நாத்தனார் வீட்டில் நின்றதால் தப்பித்தது. இந்த வருடம் தைப் பொங்கல் வந்தபோது அது எங்கள் கொட்டிலில் ஏழு மாதச் சினை. இதற்கும் இருபது இலை வரும் என்று எனக்குத் தெரியும்.

"இந்தத் தடவ குடுக்க விடமாட்டேன்," என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீயா? நீ கூட்டத்துல தும்மக்கூட மாட்ட," என்றார். "என்னைய இதுல இழுக்காத."

மாட்டுப் பொங்கலன்று காலை மாட்டைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு உள்ளேயே கட்டினேன். வாசலில் மூங்கிலைக் குறுக்கே போட்டு அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் காம்பரா அக்கா முதலில் இலையோடு வந்தார். பின்னால் வரிசையாக மற்றவர்கள்.

"வேணாங்க்கா. பொங்கல் குடுக்காதீங்க."

"ஏன்டி, ஒம் மாட்டுக்குச் சீனி வருத்தமா?"

மாட்டுக்கு நீரிழிவா என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"சாமிக்குப் படச்சதுடி இது."

"தெரியுங்க்கா. எனக்குக் குடுங்க, நான் திங்கிறேன். மாட்டுக்கு வேணாம்."

அப்போது கோயில் தலைவர் வாளியோடு வந்தார். கோயிலில் மிஞ்சிய பொங்கல் அதில் பாதி வாளி இருந்தது.

"தங்கச்சி, போன வருசம் கண்ணூறு பட்டு ஒரு மாடு போச்சு. இந்த வருசம் படையலத் தடுத்தா என்னா நடக்கும்னு எனக்குத் தெரியாது," என்றார்.

"எனக்குத் தெரியுங்க. கண்ணூறு இல்ல. போன வருசம் நாமதான் கொன்னோம்."

தலைவர் வாளியை மறு கைக்கு மாற்றினார்.

"நாமன்னா யாரு?"

"இருவது காம்பராவும். நானுந்தான். முதப் பிடி நான் ஊட்டுனது." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "முந்திப் பதினொரு மாடு பிரிச்சுத் தின்னுச்சு. இப்ப ஒன்னுதான் நிக்கிது. இருவது வீட்டுச் சோத்த ஒங்க ஒரு ஆளு வகுத்துல போட்டா தாங்குவீங்களா?"

"அவரு தாங்குவாருடி, வகுறப் பாரு," என்றார் அக்கா. மறுபடி சிரித்தார்கள், இந்த முறை என்னைப் பார்த்து அல்ல. தலைவருக்குக் கோபம் ஏறிவிட்டது. வாளியோடு ஓர் அடி முன்னால் வந்தார். நான் மூங்கிலை விடவில்லை.  எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

"கையால குடுக்கணும்னா புல்லு அறுத்து வச்சிருக்கேன்," என்றேன். "ஆளுக்கு ஒரு பிடி குடுங்க. புல்லு குடுத்தா சாமி கோவிச்சுக்காது."

நாலு பேர் புல்லை எடுத்து ஊட்டினார்கள். மற்றவர்கள் இலையோடு திரும்பிப் போனார்கள். தலைவர் போகும்போது, "இனி இது கன்னு போட்டாலும் ஒங்க வீட்டுப் பால் கோயிலுக்கு வேணாம்," என்றார்.

"சரிங்க," என்றேன்.

மத்தியானம் மாடு படுத்துக்கொண்டு அசைபோட்டது. தொண்டையில் உருண்டை ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. நான் சோறு தின்னாமல் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பங்குனியில் கன்று போட்டது. காளைக் கன்று இல்லை, பசுக் கன்று. தகவல் பரவிய அரைமணி நேரத்தில் அக்கா இரண்டு செம்போடு வந்தார். ஒன்று அவருடையது. இன்னொன்று தலைவர் வீட்டுச் செம்பு. கோயிலுக்கு எங்கள் பால் வேண்டாமாம், வீட்டுக்குச் சீம்பால் வேண்டுமாம். முதல் நாள் சீம்பாலை அக்கம்பக்கம் பங்கு வைப்பதும் எங்கள் லயத்து வழக்கந்தான்.

"இன்னைக்கு இல்லக்கா. கன்னு குடிக்கட்டும்."

"ஒரு செம்பு குடுத்தா கொறஞ்சா போயிரும்?"

"இன்னைக்கு ஒரு நாளுதான் அது கொடலு சீம்பால்ல இருக்குற, நோயத் தடுக்குற காவல அப்படியே உறிஞ்சும். நாளைக்கு அந்தக் கதவு சாத்திக்கும்னு சினை பாக்க வந்தப்ப டாக்டர் சொன்னாரு. நாளன்னைக்கு மிஞ்சினா நானே கொண்டாறேன்."

"அப்ப தலைவர் வீட்டுக்கு என்னான்னு சொல்ல?"

"நான் இல்லேன்னு சொன்னேன்னு சொல்லுங்க."

 அக்கா இரண்டு செம்பையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கன்று இன்னும் காலை ஊன்றத் தெரியாமல் தள்ளாடியது. அதன் கழுத்தைப் பிடித்து மடிப்பக்கம் திருப்பிவிட்டேன். காம்பைத் தேடி இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.