ஏழடுக்கு மாடித் தாலாட்டு

தாலாட்டுக்கு அர்த்தம் கேட்கிறீர்களே, உங்களுக்கு வேற வேலை வெட்டி கிடையாதா? யாருக்காகப் பாடுகிறோமோ அந்தக் குழந்தையே கேட்பதில்லை, பேசாமல் தூங்கிவிடுகிறது. நீங்கள் என்னடா என்றால் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். சொல்லித் தொலைக்கிறேன். நடுவில் கொட்டாவி விடக்கூடாது.

என் அம்மா பாடின தாலாட்டு இது:

ஏழடுக்கு மாடியில – கண்ணே
எதிர்க்காத்து வீசையில
தங்கத்துல சங்கிலியாம் – உனக்குத்
தாய்மாமன் கட்டும் தொட்டில்

நாங்கள் இருந்ததோ அடையாற்றுப் பாலத்துக்குக் கீழே ஓலைக் குடிசையில். எதிர்க்காத்து வீசினால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். தங்கச் சங்கிலி கட்டுகிற தாய்மாமனுக்குக் காலில் செருப்பு கிடையாது. ஆனாலும் எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம். பிரசவம் முடிந்து, புருஷன் வீட்டார் குழந்தையை அழைத்துப்போக வருகிற அன்று, பெண்ணைப் பெற்றவள் பழைய புடவையில் தூளி கட்டி, பிறந்த வீட்டுப் பெருமையைப் பாடித்தான் அனுப்புவாள். பெருமை இல்லையென்றால் பாட்டில் செய்துகொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் சர்க்கார் ஆட்கள் வந்து குடிசையை இடித்தார்கள். பெருங்குடியெல்லாம் தாண்டி ஒரு கட்டடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். எந்த மாடி? ஏழாவது. அம்மா வாய் முகூர்த்தம்! லிஃப்ட் என்று ஒன்று உண்டு. அது வேலை செய்வதைப் பார்த்தவர்கள் யாரோ இருக்கிறார்களாம்.

என் மகள் தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கடை முதலாளியின் மகனே கட்டிக்கொண்டான். தெற்கத்திக்காரர்கள். பூர்வீகம், குலதெய்வம் என்று ஆரம்பித்தால் நிறுத்தாத மாமியார். இவள் பயந்துபோய், அடையாற்றில் சொந்தமாக ஓட்டு வீடு இருந்தது, ரோடு போட எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

குழந்தையை அழைக்க அவர்கள் வருகிற அன்று காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, பழைய பாட்டே பாடு. குடிசை, பாலம்னு வாய வுட்டுறாத. அப்பறம் அந்த வூட்ல நான் தலை நிமிர முடியாது."

"நான் இன்னாடி சொல்லப்போறேன்? வாய்ல வெத்தல கீது, பொய் நிக்கக்கூட எடம் இல்ல."

"விளையாடாதம்மா!" என்றாள். கண் கலங்கியிருந்தது.

சம்பந்தியம்மா ஏழு மாடியும் ஏறி வந்து, சுவரோரம் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தூளியை ஆட்டி ஆரம்பித்தேன். 'ஏழடுக்கு மாடியில' என்றதுதான் தாமதம்.

"அத என்கிட்ட கேளுங்க, என் முட்டி சொல்லும்!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். குழந்தை வீறிட்டது. எனக்கு அடுத்த வரி வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் அது பாட்டா? லிஃப்ட் கம்ப்ளெயின்ட் மாதிரி ஆகிவிட்டது. குழந்தையோ நிறுத்தவில்லை. என் வாய் தானாக ஆற்றங்கரைக்குப் போய்விட்டது.

வாசலிலே ஆறு ஓடும் – கண்ணே
வரிசையாத் தென்னை ஆடும்
நாம கீழ தூங்கயில – கண்ணே
நகரமெல்லாம் மேல ஓடும்

குழந்தை அடங்கியது. சம்பந்தியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து மருமகளைப் பார்த்தார்.

"தென்னந்தோப்பே இருந்துச்சாக்கும்! ஓட்டு வீடுன்னு மட்டுந்தானம்மா சொன்ன?"

ஒரு தலையாட்டு போதும். ஓட்டு வீடு தோப்பு வீடாகியிருக்கும். நானும் தலையை ஆட்டத் தயாராகத்தான் இருந்தேன், சத்தியமாக. அதற்குள் என் மகள் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடினாள்.

மழை வந்தா வீட்டுக்குள்ள – கண்ணே
மீன் வந்து விளையாடும்
கட்டிலுக்குக் கல்லு வெச்சு – கண்ணே
கால் நனையாம தூங்கலாமே

அவள் ஆறு வயதுப் பெண்ணாக இருந்தபோது, தண்ணீர் உள்ளே வந்த அன்று, அழுகையை நிறுத்த நான் கட்டின பாட்டு. எனக்கே மறந்துவிட்டது. எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ!

பாடி முடித்துவிட்டு, "ஓட்டு வீடு இல்ல அத்தை. பாலத்துக்குக் கீழ ஓலைக் குடிசை" என்றாள்.

சம்பந்தியம்மா தூளியையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வெற்றிலையை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டேன்.

"ஒரு காலுக்கு எத்தனை கல்லு வெச்சீங்க?" என்றார் கடைசியில்.

"மூணு, அத்தை."

"பத்தியிருக்காதே. எங்க ஊர்க் கம்மா ஒடைஞ்சு வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப நாங்க நாலு வெச்சோம், அப்பவும் பாய் நனைஞ்சுது" என்றவர், உடனே அதட்டினார். "பாதியில ஏன் நிறுத்துற? பிள்ளைக்குக் கண்ணு சொக்குது, பாடு."

அவள் பாடினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடினாள், சுருதி ஆற்றோடு போய்விட்டது. நல்ல நேரத்துக்குள் கிளம்ப வேண்டியவர்கள் சாயங்காலம்தான் கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "இன்னாக்கா, இவ்ளோ நேரம்? எதுனா தகராறா?" என்று முகத்தில் ஆசையோடு கேட்டார்கள்.

"தகராறும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு புள்ளைக்குத்தான் தூளி கட்டினேன், செவுத்துல சாஞ்சிகினு சம்பந்தியம்மாவும் தூங்கிட்டாங்க. அந்த லிஃப்ட்ட மட்டும் ரிப்பேர் பண்ண வுடாதீங்கடி. ஏழு மாடி ஏறி வந்தாதான் நம்ம பாட்டு எடுபடுது" என்றேன்.