முதிரைக் கதவு

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே இருந்த பழைய துரை பங்களாவைக் கொழும்புக் குடும்பம் ஒன்று வாங்கிப் புதுப்பித்த வருடம் எனக்கு ஏழு வயது. வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்த காலத்தில் எப்படி இருந்ததோ, அப்படியே அது மறுபடி ஆக வேண்டும் என்று அந்த வீட்டு எஜமானி நோனாவுக்கு ஆசை. மேசை நாற்காலி செய்ய மொரட்டுவையிலிருந்து ஒரு தச்சு பாஸை வரவழைத்திருந்தார்.

ஒரு நாள் தண்ணீர் கேட்டு வந்த பாஸ், தண்ணீரைக் குடிக்காமல் எங்கள் ஒற்றை அறைக் காம்பராக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனாக்கத்தியால் கரி படிந்த ஓர் ஓரத்தை மெல்லச் சுரண்டினார். உள்ளே தேன் நிறத்தில் மரம் மின்னியது.

“இது புருத. ஒங்க பாஷையில முதிரை. துரை வீட்டு அலுமாரிக் கதவு இது. இந்தா, பூட்டு வச்ச எடம். ஒடைஞ்சத யாரோ லயத்துக்குக் குடுத்திருக்காங்க.”

முதிரையில் அலுமாரி, கருங்காலியில் அதற்கு விளிம்பு என்று அந்தக் காலத்துப் பெரிய வீடுகளைப் பற்றி அப்பாவிடம் வெகுநேரம் சொன்னார். அலுமாரியே இல்லாத நாங்கள் அலுமாரிக்குள் குடியிருந்தது போல எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் பாஸ் சொல்லி நோனாவே லயத்துக்கு இறங்கி வந்தார். பழைய கதவுக்குப் பதிலாகப் பூட்டுப் போட்ட புதுக் கதவு தருவதாகச் சொன்னார். மழைச்சாரல் உள்ளே அடிக்கும் கதவு போனால் போகட்டும் என்று அப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார். அதற்கு அடுத்த நாள் மத்தியானத்துக்குள் நீலப் பெயின்ட் அடித்த கதவு வந்துவிட்டது.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏங்க, பழைய கதவு எங்க?”

“பங்களாவுக்குக் குடுத்தாச்சு.”

“புள்ளையோட கோடு அதுலதானேங்க இருந்துச்சு.”

அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. “நெனப்பே வரல புள்ள,” என்றார்.

நான் பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோன அண்ணனை, அவன் இருந்தவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கதவின் உள்பக்கத்தில் சாய்த்து நிறுத்தி, அவன் தலை மட்டத்தில் அம்மா கத்தியால் கோடு போட்டிருந்தாள். நான்கு கோடுகள். அவனுக்கென்று வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது.

இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் அம்மா பங்களாவுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். தச்சுக் கொட்டகைக்குள் கதவு மேசைப் பலகை ஆக்குவதற்காகக் கிடத்தப்பட்டிருந்தது. பாஸ் கீழ்ப்பக்கத்திலிருந்து இழைப்புளி போட்டுக்கொண்டு வந்திருந்தார். தரையெல்லாம் மரச்சுருள். கீழே இருந்த இரண்டு கோடுகள் போய்விட்டன. மூன்றாவதன் மேல் அம்மா உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். இழைப்புளி அவள் விரல் நுனியில் வந்து நின்றது.

பாஸுக்கு அம்மா சிங்களத்தில் சொன்னாள். நாலே வார்த்தைதான் இருக்கும். அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். பிறகு மரமறுக்கும் வாளை எடுத்து, கோடுகள் இருந்த ஓரத்தை மேலிருந்து கீழ்வரை நான்கு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் அறுத்தார்.

“மரம் வெடிச்சிருந்திச்சின்னு நோனாகிட்ட சொல்றேன். நீங்க கொண்டு போங்க.”

அந்தப் பட்டையை அம்மா தோளில் சாய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் கைநிறைய மரச்சுருளோடு வந்தேன். காம்பராவுக்குள் பட்டையைச் சுவரோடு நிறுத்தி, அம்மா என்னைக் கூப்பிட்டு அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். கடைசிக் கோடு என் தோளுக்குக் கீழேதான் வந்தது. அம்மா அந்தக் கோட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே ஓடினேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, அண்ணனவிட நான் ஒசரம்!”

அவர் தலை நிமிரவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, கிட்டே போய் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.