பிரேக் அத்தானின் இடது கன்னம்

என் அக்கா புருஷனுக்கு இரண்டு முகங்கள் உண்டு. சூதுவாது தெரிந்தவர் என்று சொல்ல வரவில்லை, அந்த அளவுக்கு அவருக்குச் சாமர்த்தியம் போதாது. நெற்றியிலிருந்து தாடை வரை நடுவில் ஒரு கோடு போட்டுப் பார்த்தால், வலது பாதி நாற்பத்தைந்து வயது மனிதர். இடது பாதி அவருடைய பெரியப்பா. அந்தப் பக்கம் மட்டும் கறுத்து, தோல் தடித்து, கண்ணோரம் கோடு கோடாகச் சுருங்கியிருக்கும். சலூன்காரர் ஒருநாள், "ரெண்டு பேர்ல யாருக்கு மொதல்ல வெட்டட்டும்?" என்று கேட்டுவிட்டார். அதன் பிறகு அத்தான் வேறு சலூனுக்குப் போகிறார்.

எல்லாம் தொழில் செய்த வேலை. அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மற்ற டிரைவர்கள் வலது பக்கம் உட்கார்ந்து வலது கையை வெயிலில் வாட்டிக்கொள்வார்கள். இவர் கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில், இடது ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே கன்னத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. நடுங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் முதல் நாள் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பயப்படாதீங்க, பிரேக் என்கிட்ட இருக்கு." ஊரே அவரை பிரேக் என்றுதான் கூப்பிடும். வீட்டில் டிவியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினால்கூட அவருடைய வலது கால் தரையை அழுத்தும். பாய் அந்த இடத்தில் கிழிந்தே போய்விட்டது.

அதே பயிற்சிப் பள்ளியில் நான் போன் எடுக்கிறேன், அத்தானைக் கிண்டலும் செய்கிறேன். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் அதில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம்.

அந்த இடது கன்னத்தில், காதை ஒட்டி, உப்புத்தாள் மாதிரி ஒரு சொரசொரப்பு வந்தது. பொருக்கு கட்டும், உதிரும், லேசாக ரத்தம் கசியும், மறுபடியும் பொருக்கு கட்டும். ஆறவே ஆறாது. அக்கா கேட்டால், "ஷேவிங்ல வெட்டிட்டேன்" என்பார்.

"தெனமும் ஒரே எடத்துலயா வெட்டிக்குவீங்க?"

"கை பழகிடுச்சு."

"வெயில் அடிக்கிற மூஞ்சி. ஏதாவது பூசிக்கிட்டுப் போங்களேன்."

"நான் எங்க வெயில்ல சுத்துறேன்? கண்ணாடிய ஏத்திவிட்டு, ஏசி போட்டு, ராஜா மாதிரி உக்காந்திருக்கேன். வெயில் என்ன, கதவத் தெறந்துகிட்டா உள்ள வரும்?"

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன சொல்ல முடியும்? அக்கா தலையில் அடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாள்.

அப்போதுதான் தோல் டாக்டரம்மா ஒருவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். அத்தான் வயதுதான் இருக்கும். கத்தி பிடிக்கிற கை ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் உதறியது. அதைவிடப் பெரிய தொல்லை, இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னால் அவருடைய கண் பாதி வழியில் அத்தான் கன்னத்திலேயே நின்றுவிடும்.

"மேடம், எடது கண்ணாடி!"

"பாத்துட்டேன் சார்."

"கண்ணாடியப் பாக்கல. என்னைத்தான் பாத்தீங்க."

ஒருநாள் கார் நேராக நடைபாதைமேல் ஏறப் போனது. அத்தான் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு வெடித்துவிட்டார்.

"ரோட்டப் பாருங்க மேடம்! என் மூஞ்சியில அப்படி என்னதான் இருக்கு?"

"அதத்தான் சார் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன். அந்தப் புண்ணு எவ்ளோ நாளா இருக்கு?"

"அது ஷேவிங்ல..."

"ஷேவிங்ல வெட்டுனது நாலஞ்சு நாள்ல ஆறிடும். இது வெயில் பண்ணுன வேலை மாதிரி தெரியுது. சுட்டெரிக்கிற கதிரத்தான் சார் ஜன்னல் கண்ணாடி தடுக்கும். தோல உள்ள போய்க் கெடுக்கிற கதிர் கண்ணாடியத் தாண்டி வந்துடும். ஏசி போட்டா உங்களுக்குச் சூடு தெரியாது, அவ்வளவுதான். நம்ம நெறத்துக்கு இந்தத் தொந்தரவு கம்மி, ஆனா வரவே வராதுன்னு இல்ல. கிளினிக்குக்கு வாங்க, பாத்துடலாம்."

அத்தான் பள்ளிக்குத் திரும்பி வந்து என்னிடம் பொருமினார். ஓட்ட வராதவர்கள் எல்லாம் இப்படித்தான் பேச்சை மாற்றுவார்களாம். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எங்கயாவது போறப்பல்லாம் அவருக்கு எடது பக்கந்தானேடி உக்காந்து வர்றேன்? அந்தக் கன்னத்தத்தானே பாத்துக்கிட்டு வர்றேன்? கொஞ்சங் கொஞ்சமா மாறுனது எனக்குத் தெரியவே இல்லையே" என்றாள். "அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டு நேராக அத்தானிடம் போய், இன்றைக்கே கிளினிக்குக்குக் கிளம்புங்கள் என்றேன்.

அத்தானோ நாளைக்கு, அடுத்த வாரம், இந்த பேட்ச் முடியட்டும் என்று மழுப்பினார். சின்னப் பிள்ளைகூட ஊசிக்கு இவ்வளவு பம்மாது. கடைசியில் டாக்டர்தான் மடக்கினார். "நீங்க கிளினிக்குக்கு வர்ற வரைக்கும் நான் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகமாட்டேன் சார். பிரேக்கிட்ட கத்துக்கிட்டு ஒருத்தி டெஸ்டுக்கே போகலன்னு ஊர் பேசட்டும்."

தன்னிடம் வந்த யாரும் லைசென்ஸ் வாங்காமல் போனதில்லை என்பதுதான் அத்தானுக்கு இருக்கிற ஒரே கர்வம். மறுநாளே கிளம்பிவிட்டார்.

துணைக்கு அக்காவும் நானும் போனோம். டாக்டர் பெரிய பூதக்கண்ணாடி விளக்கைக் கன்னத்துக்கு மேல் இழுத்து வைத்துப் பார்த்தார். சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். மரத்துப்போகச் செய்கிற ஊசியை எடுத்ததுதான் தாமதம், படுத்திருந்த அத்தானின் வலது கால் கட்டில் நுனியில் ஓங்கி மிதித்தது. கட்டிலே ஆடிப்போனது.

டாக்டர் ஊசியைக் கீழே இறக்கினார். "பயப்படாதீங்க சார்" என்றார். "பிரேக் என்கிட்ட இருக்கு."

அக்கா சிரித்துவிட்டாள். ஷேவிங் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அத்தான் காலை மெல்ல எடுத்துக்கொண்டார்.

வெயிலைத் தடுக்கப் பூசிக்கொள்ள ஒரு கிரீம் கொடுத்தார்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் காதுக்கும் பூச வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். முழுக்கைச் சட்டை போட வேண்டும், கீழே இறங்கினால் தொப்பி வைக்க வேண்டும். அத்தான் எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மறுநாள் பள்ளிக்கு வந்தார் பாருங்கள், இடது பாதி மட்டும் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெள்ளை! இடது கைக்கு மட்டும் முழுக்கை, வலது கை முட்டி வரை மடித்துவிட்டிருந்தது.

"என்ன அத்தான் இது வேஷம்?"

"வலது பக்கம் வெயிலே படாது. எதுக்கு வேஸ்ட் பண்ணணும்?"

பயிற்சிக்கு வந்த டாக்டரும் இதைக் கேட்டார். "வண்டிய விட்டு எறங்கி நடக்குறப்போ பாதி மூஞ்சிய சீட்டுலயே வெச்சுட்டா வர்றீங்க சார்?" அத்தான் முனகினார். திருந்தியதாகத் தெரியவில்லை.

பரிசோதனை முடிவு வரவேண்டிய நாளில், "நீ போய்ப் பின்னாடி உக்காரு" என்று அக்கா என்னைப் பயிற்சிக் காரில் ஏற்றிவிட்டாள். "என்ன வந்தாலும் என்கிட்ட நல்லாருக்குன்னுதான் சொல்வாரு." டாக்டர் வண்டியை ஓட்டினார். அத்தான் ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்கவில்லை. பெரிய ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது டாக்டரின் பையில் போன் அடித்தது.

டாக்டர் போனைத் தொடவில்லை. நடுக்கண்ணாடியைப் பார்த்தார். இடது கண்ணாடியைப் பார்த்தார், வழியில் கன்னத்தில் நிற்காமல். இண்டிகேட்டர் போட்டார். வண்டி ஓரத்தில் பதமாகப் போய் நின்றது. அத்தான் கால் பிரேக்கைத் தொடவே இல்லை, நான் எட்டிப் பார்த்தேன்.

பிறகுதான் போனை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு அத்தான் பக்கம் திரும்பினார்.

"கேன்சர் இல்ல சார். அதுக்கு முந்துன கட்டம். ஷேவிங் ஷேவிங்னு இன்னும் ஓட்டியிருந்தீங்கன்னா அதுவா மாறியிருக்கலாம். அந்தத் தோல உறைய வெச்சு உதிர்த்துடலாம்."

அத்தான் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம்," என்றார், "இண்டிகேட்டர் இன்னும் ஓடுது." கண்ணீர் தெரியக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வெயில்ல மூஞ்சியக் காட்டாதீங்க அத்தான்!" என்று அதட்டினேன். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவரிடம் நீட்டினேன்.

"அது ஷேவிங்ல வெட்டுனது இல்ல" என்றார் அத்தான்.

"தெரியும். விஷயத்தச் சொல்லுங்க."

"கேன்சர் இல்லையாம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அக்கா கேட்டாள்: "மூஞ்சி ரெண்டு பக்கமும் பூசியிருக்கீங்களா?"

அத்தான் பின்னால் திரும்பி என்னைக் கெஞ்சுவது போலப் பார்த்தார். இடது கன்னம் வெள்ளையாக இருந்தது, வலது கன்னத்தில் ஒரு பொட்டுக் கிரீம் இல்லை.

"பூசியிருக்கேன்மா" என்றார்.

"பொய்க்கா!" என்று கத்தினேன்.