அடியில் கம்பி இல்லாத விமானம்

சற்குணம் அண்ணன் செய்த விமானம் ஈறின் நிறத்தில் இருந்தது. பல்செட் கட்டும் பிசினை ஊற்றி வார்த்தால் வேறு எந்த நிறம் வரும்?

சூலியா தெருவில் ஒரு பல் வைத்தியரின் பின்னறையில் இளவயது முதல் பொய்ப்பல் செய்துவந்தவர் அவர். "ஆடுற பல்லு பல்லேயில்லை, தம்பி" என்பார். அவருடைய வாழ்க்கைக் கொள்கையும் ஏறக்குறைய அதுதான். வீட்டில் ஒரு நாற்காலி ஆடினால்கூட அவருக்குச் சாப்பாடு இறங்காது.

எண்பத்தெட்டில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மலாய்த் தீவுக்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு வந்து, ஆயர் ஈத்தாமில் அவர் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். ஊரிலிருந்து செய்தி வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம் என்றிருந்த காலம். கீழே போய் அவர்களோடு தேநீர் குடித்தால்தான் மனம் அடங்கும்.

அவர் மனைவி வள்ளிநாயகி அக்காவுக்குக் கண் அழுத்த நோயில் பார்வை போய்ப் பல ஆண்டுகள். ஆனாலும் சந்தைக்கு அவர்தான் போவார். மீனின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "இது நேற்றையது, உன்ர மாமியாருக்குக் குடு" என்று மீன்காரனை விரட்டுவார். தொட்டுப் பார்க்காத எதையும் அவர் நம்புவதில்லை.

மகள் யோகலட்சுமிக்கு மெல்பர்னில் தலைப்பிரசவம். அம்மா பக்கத்தில் வேண்டுமென்று டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டாள். அக்கா அசையவில்லை.

"வடிவு தெரியாத சாமானுக்குள்ளை நான் ஏறமாட்டன். கண் இருக்கேக்கை வானத்திலை கண்டதுதானே, நுளம்பு அளவு."

"சரி, நான் உமக்கு வடிவைக் காட்டுறன்" என்றார் அண்ணன்.

மெழுகில் செதுக்கி, சாந்தில் அச்செடுத்து, பிசினை ஊற்றினார். தடவும் கைக்கு உடையக்கூடாதென்று உள்ளே பொள்ளல் விடாமல் வார்த்ததால், முழங்கை நீள விமானம் அம்மிக்குழவிபோலக் கனத்தது. பறப்பதுபோல அதை ஒரு தாங்கியில் நிறுத்தவேண்டும். முதலில் நீளத்தின் நடுவை அளந்து, பலகையில் நட்ட மெல்லிய கம்பியொன்றைச் செருகினார். வால் தாழ்ந்து, மூக்கு கூரையைப் பார்த்து, பலகையோடு பின்பக்கம் சாய்ந்து விழுந்தது.

பிறகு இரண்டு சுட்டுவிரல்களையும் இறக்கைகளுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். விரல்களை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். ஓரிடத்தில் அந்தக் கனம் அத்தனையும் மூச்சடக்கினாற்போல நின்றது. நானும் மூச்சடக்கினேன். அந்த இடத்தைக் குறித்துத் துளையிட்டு, பித்தளைக் குழாய் பதித்து, தடித்த இரும்புக் கம்பியைச் சாய்வாகச் செருகினார். மூக்கு சற்றே மேலே. பிஸ்கட் டின் நிறையச் சாந்து ஊற்றி அதுவே அடிப்பீடம். தட்டிப் பார்த்தார், ஆடவில்லை. முகத்தில் அப்படியொரு பெருமை.

அக்கா தடவத் தொடங்கினார். மூக்கு, சன்னல் வரிசை, இறக்கை, வால். "இவ்வளவு வடிவோ இது!" என்று மெல்லச் சொன்னார். கை வயிற்றுப் பக்கம் இறங்கிக் கம்பியைப் பிடித்தது.

"இஞ்சாருங்கோ, இந்தத் தூண் எவ்வளவு உயரம் வரும்?"

"அது தாங்கி. உண்மைப் பிளேனுக்கு இல்லை."

"அப்ப அதை என்ன தாங்குது?"

"காத்து."

"விளையாடாதேங்கோ லா!"

அண்ணன் விமானத்தைக் கழற்றி அவர் மடியில் வைத்தார். அக்கா இரண்டு கையாலும் ஏந்தி நிறுத்துப் பார்த்தார். "இந்தக் கனத்துக்கு அடியிலை ஒண்டுமில்லையோ? நான் போகேல்லை. பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கோ."

உறுதியாகச் செய்யப்போய், அந்தக் கம்பியையே விமானத்தின் கால் என்று நம்பவைத்துவிட்டார். அண்ணன் அன்று தேநீரைத் தொடவில்லை.

மறுநாள் ஞாயிறு. "தம்பி, காரை எடும்" என்றார். தீவிலிருந்து கடலுக்கு மேலே போகும் புதிய பாலத்தில் ஏறினோம். அக்கா முன்னால், அண்ணன் பின்னால், மடியில் அந்த ஈறு நிற விமானம்.

"கண்ணாடியை இறக்கும். கையை வெளியிலை நீட்டும். உள்ளங்கை கீழை பார்க்கட்டும்" என்றார் அண்ணன் அக்காவிடம்.

"லாரி வந்து கொண்டுபோகப் போகுது!"

"இது கடல் பக்கம். விரல் நுனியைக் கொஞ்சம் தூக்கும். இன்னும் கொஞ்சம்."

நான் வேகத்தைக் கூட்டினேன். அக்காவின் கை சட்டென்று மேலெழுந்தது. அவர் அமுக்கினார், அது இறங்க மறுத்தது.

"ஐயோ, தூக்குதே! ஆரோ அடியிலை பிடிச்சுத் தூக்கிற மாதிரி!" உள்ளங்கையை மெல்ல மேலும் கீழும் சரித்துப் பார்த்தார். பிறகு, "இந்தச் சரிவு எனக்குத் தெரியும். உங்கட கம்பியிலை நிண்ட சரிவுதானே இது?"

பின்புறம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். அண்ணன் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுகரைப் பட்டர்வர்த் போய்த் திரும்பும்வரை அக்கா கையை உள்ளே எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில், பணிப்பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா படியேறினார். வாசலில் நின்று விமானத்தின் உடம்பை ஒருமுறை உள்ளங்கையால் தடவிவிட்டு, குனிந்து உள்ளே போனார்.

விமானம் ஓடியது, மூக்கைச் சற்றே மேலே தூக்கித் தரையை விட்டது. எத்தனையோ விமானங்களைப் பார்த்திருந்த அண்ணன், கம்பி வேலியைப் பிடித்தபடி அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல நின்றார்.

"அடியிலை ஒண்டுமேயில்லை, தம்பி" என்றார்.