பின்கழுத்தில் ஒரு கை

முத்துராணி அக்கா யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் நடுவில் அவள் கை மகள் நித்யாவின் பின்கழுத்துக்குப் போய்வரும். வேர்த்திருக்கிறதா என்று பார்ப்பாள். பக்கத்து வீட்டிலிருந்து பல வருடமாக இதைப் பார்த்துவருகிறேன்.

நித்யாவுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. அவள் ஈரல் சர்க்கரையைச் சேர்த்துவைக்கும். பசிக்கிற நேரத்தில் வெளியே விடாது. வயிறு காய்ந்தால் வேர்த்து, நடுங்கி, நினைவு தப்பிவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மக்காச்சோள மாவை வேகவைக்காமல் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். எங்கள் ஊர் வீரவநல்லூரில் யார் கேட்டாலும் அக்கா வயிற்றுப்புண் என்பாள். நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டிய பெண்.

போன வருடம் வள்ளியூரில் சம்பந்தம் பேசிப் பூ வைத்தார்கள். மறுமாதமே நித்யாவுக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாயங்காலம் ஆபரேஷன், தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுடலைவடிவு விஷயம் கேள்விப்பட்டு வந்து கட்டிலருகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் விஜயஸ்ரீ வந்து, பிறவியிலிருந்து ஏதும் நோய் உண்டா என்று கேட்டார். அக்கா இல்லை என்றாள். நித்யா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அக்காவின் கை பின்கழுத்துக்குப் போனது. எடுத்தபோது விரல்கள் நனைந்திருந்தன.

“பொய் சொல்லிட்டேன் டாக்டரம்மா. இவளுக்குப் பசி தாங்காது. உள்ள வந்து நான் தொட்டுப் பாக்க முடியாதுல்லா.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். ஏறிக்கொண்டிருந்த பாட்டிலைக் கழற்றிவிட்டு குளுக்கோஸ் மாட்டச் சொன்னார். மயக்கத்தில் இருப்பவளுக்குச் சர்க்கரை இறங்கினால் வெளியே தெரியாது, அதனால் முடியும்வரை ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார்.

சுடலைவடிவு மெதுவாகத்தான் கேட்டாள். “இத எங்ககிட்ட ஏன் மதினி சொல்லல?”

“சொன்னா பூ வச்சிருப்பீயளா?”

சுடலைவடிவு தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆனாலும் நித்யா கண் திறக்கும்வரை இருந்துவிட்டுத்தான் வள்ளியூருக்குப் பஸ் ஏறினாள்.

அந்தச் சம்பந்தம் நின்றுவிட்டது. நித்யா இப்போது சேரன்மகாதேவியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். மாவு டப்பாவை அவளே எடுத்துப்போகிறாள். பெண் கேட்டு வருகிறவர்களிடம் அக்கா முதலில் நோயைத்தான் சொல்கிறாள். இன்னும் ஒன்றும் அமையவில்லை.