வெள்ளிக்கிழமை வெளியே போகாத பேட்டரிகள்

செத்துப்போன மடிக்கணினியை யாரிடம் கொடுத்தால் அது ஒழுங்காகப் பிரிக்கப்பட்டு மறுபடி பயனுக்கு வரும்? எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் போன வியாழக்கிழமை என்னுடையதைப் பையில் போட்டுக்கொண்டு மதுரையில் காலை 8.10 பஸ் ஏறினேன். தேனிப் பக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், என்னோடு படித்த ஈஸ்வரி கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் மறுசுழற்சி வண்டி மறுநாள் வருகிறது, நீயும் கொண்டுவா என்றிருந்தாள்.

ஆண்டிபட்டியில் டீக்கு நின்றது போக இரண்டு மணி நேரம், எழுபது ரூபாய். தேனியிலிருந்து கம்பம் சாலையில் ஆட்டோவுக்கு நூற்றைம்பது. வளாக வாசலில் மூன்று நிறக் குப்பைத்தொட்டிகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றன. ஆய்வுக்குழு வந்தால் பிரிப்பார்களாம்.

பழைய பொருள் அறையில், ஓடாத கணினிகளின் நெற்றியிலும் ஆயுதபூஜைச் சந்தனம். மூலையில் உப்பிப்போன யூபிஎஸ் பேட்டரிகள். சுவருக்கு அந்தப் பக்கம் மாணவிகள் படிக்கும் கூடம். அமில நெடி அங்கேயும் வந்தது. எப்போது வெடிக்குமோ என்று ஈஸ்வரிக்குத் தூக்கமில்லை.

நாளைக்கு வண்டியில் ஏற்ற அனுமதி கேட்டோம்; அலுவலக சூப்பிரண்டு அசையவில்லை. "வெள்ளிக்கிழமை எதையும் வெளிய அனுப்புறதில்ல மேடம். அதுலயும் பூச வச்ச மிஷினு."

"வெடிச்சா?" என்றேன்.

"இத்தன நாளு வெடிக்கலையே."

வெளியே வந்ததும் ஈஸ்வரி சொன்னாள்: "எங்க வீட்லயே வெள்ளிக்கிழமை உப்புக்கூடத் தர மாட்டாக. இவுகள என்னடி சொல்ல? இன்னைக்கு வியாழந்தான, விளக்கு வைக்கிறதுக்குள்ள கேட்டுக்கு வெளிய கொண்டுபோயிருவோம்."

சூப்பிரண்டு அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் வாசலுக்கு வெளியே இருந்த சைக்கிள் கொட்டகைக்குச் சுமந்தோம். இரண்டு முதுகலைப் பட்டங்கள், நான்கு முழங்கால் வலி.

போக நினைப்பவர்களுக்கு: ஹார்ட் டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வண்டி என்றைக்கு வருகிறது என்று கேட்கும்போது கிழமையையும் கேளுங்கள்.

மறுநாள் நடந்தது இது. வண்டி 10.40க்கு வந்தது. ஈஸ்வரி பேட்டரிகளை முதலில் ஏற்றச் சொன்னாள். என் மடிக்கணினி கடைசியாக ஏறியது. எல்லாம் எங்கே போகும் என்று டிரைவரிடம் கேட்டேன். "மதுரை குடோனுக்கு. அங்கன இருந்து எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாது மேடம்" என்றார்.

வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சூப்பிரண்டு ஆட்டோவில் தன் வீட்டுப் பழைய டிவியோடு வந்து இறங்கினார்.

"அண்ணே, இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே" என்றாள் ஈஸ்வரி.

"வீட்டுல இருந்து நேத்தே எடுத்து வெளிய வச்சிட்டேம்மா. இங்க உள்ளதான வருது? வெள்ளிக்கிழமை உள்ள வர்றது நல்லதுதான்."

காலியான அறையில், பேட்டரிகள் இருந்த அதே மூலையில் டிவியை வைத்துவிட்டுப் போனார்.